ஏற்றுக்கொண்ட மார்க்கமும் ஏற்க மறுத்த கட்டளையும்

ஒருவன் ஒரு மார்க்கத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறான். அதன் வணக்க வழிபாடுகளில் குறை வைப்பதில்லை. அதன் ஆலயத்துக்குப் பொருள் கொடுக்கிறான். அதைப் பழிப்பவனோடு சண்டைக்கும் போகிறான். ஆயின் அம்மார்க்கத்தின் ஒரு கட்டளை மட்டும் அவனுக்குக் கசக்கிறது. அதை அவன் வெளிப்படையாக மறுப்பதில்லை. ஏற்று நடப்பதும் இல்லை. இவனை விசுவாசி என்பதா, வேடதாரி என்பதா?

பஸராவில் இமாம் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களின் சபையில் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்த கேள்வி இது. நமது நெல்லைச் சீமையிலோ அது கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டு, நாற்பது ஆண்டு காலம் கண்முன் நின்றது. பக்கத்து வீட்டில் நடந்ததைப் பற்றி முதலில் சொல்லிவிட்டுப் பிறகு நம் வீட்டுக்கு வருவோம். பக்கத்து வீட்டோடு நின்றுவிடுவதற்காக இதை எழுதவில்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறோம்.

காவல்கிணற்றுக்கு அருகே வடக்கன்குளம் என்றோர் ஊர் இருக்கிறது. தமிழகக் கத்தோலிக்கரிடையே பெருமை வாய்ந்த பழைய ஊர். திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த நீலகண்டன் என்பார் 1745-ஆம் ஆண்டு இவ்வூரிலேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாம் தழுவிய மார்க்கத்தை விட மறுத்து, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எல்லாச் சாதியாரோடும் வேற்றுமை பாராமல் பழகினார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அத்தகையவர் மார்க்கம் புகுந்த அதே ஊரில், 1872-இல் கட்டி முடிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயம் விந்தையான அமைப்புடையதாக இருந்தது. கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு நீண்ட கூடங்கள். அவை இரண்டும் சென்று சேரும் இடத்தில் பலிபீடம். கூடங்களுக்கு இடையே சுவர். ஒரு கூடத்தில் வேளாளர் முதலான சாதியார், மறு கூடத்தில் நாடார் முதலானோர். இரு சாராருக்கும் பலிபீடம் தெரியும். பூசை செய்யும் குருவானவர் தெரிவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

இத்தகைய கட்டடம் தற்செயலாக எழும்பவில்லை. அந்த நாளைய குருமார்கள் சாதியை நல்லது என்று எண்ணியவர்கள் அல்லர். இரு சாராரையும் ஒரு கூரையின் கீழ் வைத்திருக்க வேறு வழி தெரியாமல் செய்த ஏற்பாடு அது. இதற்கு நெடிய முன்வரலாறும் உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியினரின் வாழ்க்கை வழக்கங்களை அப்படியே மேற்கொண்டு அவர்களைத் தம் மார்க்கத்துக்கு அழைத்தார். பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றை வைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கு உரோமாபுரி வரை சென்று, 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி அளித்தார். உடையும் குடுமியும் மார்க்கத்தின் உயிர்நிலைகள் அல்ல. அவற்றில் விட்டுக்கொடுத்ததை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் குடுமியோடு உள்ளே வந்தவன், குடுமி எதன் அடையாளமோ அதையும் கூடவே கொண்டுவந்தான். இரண்டரை நூற்றாண்டு கழித்து அது வடக்கன்குளத்தில் சுவராக எழுந்தது.

1910-ஆம் ஆண்டு பங்குக்குருவாக இருந்த கௌசானல் அடிகளார், திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் அவர்களின் ஆதரவோடு அச்சுவரை இடித்தார். பிறகு நடந்ததே நமது கேள்விக்கு உரிய செய்தி. சுவரை இழந்தவர்கள் மதத்தை விட்டுப் போய்விடவில்லை. நீதிமன்றம் சென்றார்கள். ஆலயத்தில் தங்களுக்கெனத் தனியிடம் இருந்தது என்றும், அது நெடுங்காலமாக அனுபவித்துவந்த உரிமை என்றும் வழக்காடினார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறியது. முடிவில் அவர்களுக்குத் தோல்வியே கிட்டியது. ஆராய்ச்சியாளர் ஆ. சிவசுப்பிரமணியன் இவ்வரலாற்றைக் ‘கிறித்தவமும் சாதியும்’ என்னும் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். விழைவோர் அதனைப் படிக்க.

இவ்வழக்கை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இவர்கள் எதற்காக வழக்காடினார்கள்? தொழுவதற்காக! ஆலயம் வேண்டும், பூசை வேண்டும், குருவானவரின் கையால் நற்கருணை வேண்டும். அவற்றுக்காகக் கைப்பணம் செலவழித்துப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார்கள். மதப்பற்றில்லாதவன் இதைச் செய்வானா? ‘இவர்கள் பெயரளவில் கிறிஸ்தவர்கள்; உண்மை விசுவாசம் இல்லாதவர்கள்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவோர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. விசுவாசம் இருந்தது. அது சுவர் வரை வந்து நின்றுவிட்டது.

கிறிஸ்தவ வேதத்தை ஓதுவோருக்கு இது புதிய செய்தியாக இராது. அந்தியோக்கியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு முதலில் உண்டு பழகியவர், யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார் என்றும், பவுல் எல்லாரும் அறிய அவரைக் கண்டித்தார் என்றும் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறது. முதல் தலைமுறையில், முதல் வரிசைச் சீடரிடத்திலேயே பந்தி ஒரு சோதனையாகிவிட்டது. சுவிசேஷங்களில் இன்னொரு செய்தியும் உண்டு. செல்வனான ஒருவன் நித்திய வாழ்வுக்கு வழி கேட்டு ஈஸா (அலை) அவர்களிடம் வருகிறான். கட்டளைகளை எல்லாம் சிறு வயது முதல் கைக்கொண்டு வருபவன். உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னதும் துயரத்தோடு திரும்பிப் போய்விடுகிறான். அச்செல்வனை நாம் மதிக்கவே செய்கிறோம். அவன் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டான், தன்னால் ஆகாது என்பதையும் புரிந்துகொண்டான், துயரப்பட்டான். துயரம் இருக்கிற இடத்தில் என்றேனும் திரும்பி வருவதற்கு வழி இருக்கிறது. வடக்கன்குளத்துச் செல்வர்கள் துயரப்படவில்லை. தங்கள் உரிமை பறிக்கப்பட்டதாகச் சினந்தார்கள்.

புராட்டஸ்டண்டு சபையிலும் இதுவே நடந்தது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து ஊசிக்கோபுர ஆலயத்தைக் கட்டிய ரேனியஸ் ஐயர், தமது பள்ளியில் மாணவர் அனைவரும் சேர்ந்தே உண்ண வேண்டும் என்று உறுதியாய் நின்றவர். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையில் பெருங்கூட்டம் சபையை விட்டு வெளியேறியது. தஞ்சையில் அந்நாளில் இருந்தவர் வேதநாயக சாஸ்திரியார். பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்தவர். சரபோஜி மன்னரின் நண்பர். இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர் பாடும் பாடல்கள் பல அவருடையவை. அவரும் புதிய மிஷனரிமார்களை எதிர்த்து எழுதினார். அவர் அடுக்கிய குறைகளைப் பார்த்தால் வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், ஆலயத்தில் நம் இசையைத் தடுக்கிறார்கள், மலர் அணிவதைத் தடுக்கிறார்கள், சாதி முறைப்படி அமர்வதைத் தடுக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் வருகின்றன. இசையும் மலரும் பற்றிய முறையீடு நியாயமானது. அயல்நாட்டார் ஒருவர் வந்து நம் மண்ணின் இசையை மார்க்கத்துக்கு ஆகாது என்று சொல்ல அவருக்கு என்ன உரிமை? ஆனால் அந்த நியாயத்தின் தோளில் ஏறிக்கொண்டு சாதியும் உள்ளே வந்துவிட்டது. கடினமான கட்டளையைத் தவிர்க்க விரும்புகிறவன், அக்கட்டளையைக் கொண்டுவந்தவனிடம் உள்ள உண்மையான குறையைக் காட்டி அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்வது எக்காலத்தும் நடப்பது. சாஸ்திரியார் போன்ற பக்திமானிடத்திலேயே இதைக் காண்கையில் நமக்கு அச்சம் உண்டாகிறது.

சுவர் இடிந்து நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்களுக்கும் கலவரம் மூண்டு, காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். 2022 மே 15-ஆம் நாள் தேவசகாயம் உரோமாபுரியில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அதற்கு முன் வழங்கிவந்த ‘பிள்ளை’ என்னும் சாதிப் பெயர் நீக்கப்பட்டிருந்தது. ஒரு பெயரின் வாலை வெட்ட 270 ஆண்டுகள் ஆயின.

இச்செய்திகளை நம் மேடைகளில் எடுத்துச் சொல்லி, ‘பாருங்கள், இஸ்லாத்தில் இது உண்டா?’ என்று கேட்டுக் கைதட்டல் பெறுவோர் உண்டு. அக்கேள்விக்கு விடை கூறுமுன், முதலில் எழுப்பிய கேள்வியை நம் இமாம்கள் எவ்வாறு அணுகினார்கள் என்று பார்ப்பது நலம்.

பெரும்பாவம் செய்தவன் காஃபிர் ஆகிவிட்டான் என்றார்கள் காரிஜிய்யாக்கள். உள்ளத்தில் ஈமான் இருந்தால் செயலால் அதற்குக் கேடில்லை என்று மறுகோடிக்குப் போனார்கள் முர்ஜியாக்கள். வாஸில் இப்னு அதா, இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டென்று கூறி ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களின் சபையை விட்டு எழுந்து போனார். அஹ்லுஸ் ஸுன்னத்தின் இமாம்கள் இம்மூவரையும் ஏற்கவில்லை. ஈமானின் இலக்கணம் பற்றி இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், பாவம் செய்தவன் பாவத்தால் மார்க்கத்தை விட்டு வெளியேறுவதில்லை என்பதில் வேறுபாடில்லை. ஒரு கட்டளையைச் செய்யத் தவறுகிறவன் பாவி. அது கட்டளையே இல்லை என்று மறுக்கிறவன் வேறு. இந்தப் பிரிவினை நம் மத்ரஸாக்களில் சிறுவர்களும் அறிந்தது.

ஆயினும் இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். தவறுகிறவனும் அல்லன், மறுக்கிறவனும் அல்லன். கட்டளை உண்மை என்கிறான்; ஆனால் தன்னைப் பொறுத்தவரை அது வேறு விதமாய்ப் பொருள்படும் என்கிறான். இவனைப் பற்றி இமாம்கள் சிந்தித்ததற்குக் காரணம், ஹிஜ்ரி 11-ஆம் ஆண்டிலேயே இவன் தோன்றிவிட்டதுதான். பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்ததும் அரபுக் குலங்கள் சில, தொழுகையை ஏற்று ஜகாத்தைத் தர மறுத்தன. கலிமாச் சொன்னவர்களோடு எவ்வாறு போரிடுவது என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களே முதலில் தயங்கினார்கள். தொழுகையையும் ஜகாத்தையும் பிரிப்பவரோடு போரிட்டே தீருவேன் என்றார்கள் ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 388-இல் மறைந்த இமாம் கத்தாபீ (ரஹ்), அபூதாவூதின் விரிவுரையில் இந்தக் கூட்டத்தாரைப் பகுத்து ஆராய்கிறார். அவர்களுள் மார்க்கத்தையே விட்டவர் இருந்தனர். வேறு சிலரோ, ஜகாத்தை வசூலிக்குமாறு திருமறை ஏவியது நபியவர்களைத்தானே, அவர்களுடைய துஆ நமக்கு ஆறுதல் என்றுதானே அவ்வசனம் கூறுகிறது, அவர்களுக்குப் பின் பிறருக்கு ஏன் தரவேண்டும் என்று வாதித்தனர். இவர்களைக் காஃபிர் என்னாமல் கலகக்காரர் என்றே கொள்ள வேண்டும் என்பது கத்தாபீயின் முடிவு.

இந்த வாதத்தைக் கவனியுங்கள். இது நாத்திகனின் வாதமன்று. திருமறையின் ஒன்பதாம் அத்தியாயத்து வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்யப்பட்ட வாதம். நபியவர்கள் மீதுள்ள அன்பையே ஜகாத் கொடாமைக்குக் காரணமாக்கிய வாதம். ஒட்டகத்தைக் கொடுக்க மனமில்லை. கொடுக்க மனமில்லை என்று சொல்லவும் மனமில்லை. எனவே மார்க்கத்துக்கு உள்ளிருந்தே ஒரு சுவருக்குக் கல் எடுத்தார்கள்.

நமது கருத்து இதுதான். கடினமான கட்டளையின் முன் இடறி விழுகிறவனைப் பற்றிக் கவலை குறைவு. அவன் தவ்பாவுக்கு அருகில் இருக்கிறான். மார்க்கத்தின் மொழியிலேயே தன் மறுப்பைப் பேசக் கற்றுக்கொண்டவனோ, தவ்பாச் செய்ய வேண்டியவன் தானே என்பதை அறியும் வழியையே அடைத்துவிடுகிறான். தன்னை வழக்காளி என்று எண்ணிக்கொண்டிருப்பவன் எப்படி மன்னிப்புக் கேட்பான்?

‘ஹுஜுராத்’ அத்தியாயத்தில் இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து நிற்பதை ஓதுவோர் கவனித்திருக்கலாம். மாந்தர் அனைவரும் ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து பிறந்தோர் என்றும், குலங்கள் அறிமுகத்துக்கே என்றும், அல்லாஹ்விடத்தில் மேன்மை தக்வாவுக்கே என்றும் அறிவிப்பது பதின்மூன்றாம் வசனம். அதற்கு அடுத்ததில், ஈமான் கொண்டோம் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட நாட்டுப்புற அரபிகளிடம், அடிபணிந்தோம் என்று மட்டும் சொல்லுங்கள், ஈமான் இன்னும் உங்கள் உள்ளங்களில் நுழையவில்லை என்ற கருத்து உரைக்கப்படுகிறது. இறங்கிய சூழல்கள் வேறு என்று விரிவுரையாளர்கள் கூறுவார்கள், அது உண்மையே. ஆயினும் குலப்பெருமையை அறுக்கும் சொல்லுக்கு அடுத்தாற்போல் ஈமானின் உண்மையைச் சோதிக்கும் சொல் வைக்கப்பட்டிருப்பது நம்மை ஒவ்வொரு முறையும் நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நமது பள்ளிவாசல்களில் சுவர் இல்லை. ஸஃப்பில் செல்வந்தரும் சுமை தூக்குவோரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். இது அல்லாஹ் நமக்குச் செய்த பேரருள். இதைப் பிறர் வியந்து பேசுவதும் நியாயமே. 1981 பிப்ரவரியில், தென்காசியை அடுத்த மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் பெருந்திரளாக இஸ்லாத்தைத் தழுவியபோது அவர்களை ஈர்த்தது இந்த ஸஃப்தான் என்று நாடே பேசிற்று. ஆனால் ஸஃப்பு கலைந்து மக்கள் வீட்டுக்குப் போன பிறகு நடப்பது என்ன? நேற்று மார்க்கத்துக்கு வந்தவரின் மகனுக்கு நம்மில் எத்தனை பேர் பெண் கொடுக்கத் துணிவோம்? மரைக்காயர் என்றும் ராவுத்தர் என்றும் லெப்பை என்றும் இருக்கின்ற பெயர்கள் அறிமுகத்துக்கே என்றால், கொள்வினை கொடுப்பினை வரும்போது அப்பெயர்களை ஏன் விசாரிக்கிறோம்? தொழுகைக் கூடத்தில் எழுப்பாத சுவரை நிகாஹ் மஜ்லிஸின் வாசலில் எழுப்பியிருக்கிறோம்.

இதற்கு ஆதாரமும் கேட்பார்கள். கிதாபிலிருந்தே எடுத்தும் காட்டுவார்கள். ஃபிக்ஹு நூல்களில் ‘கஃபாஅத்’ என்னும் பாடம் உண்டு. மணமகன் மணமகளுக்கு ஒத்த நிலையினனாய் இருத்தல் என்பது அதன் பொருள். வம்சத்தையும் தொழிலையும் அதில் சேர்த்து எழுதியுள்ளார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் மார்க்கப் பற்றே அதில் தலையாயது. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘ஹிதாயா’வில் ஒரு செய்தி வருகிறது. தொழிலைப் பார்க்கத் தேவையில்லை, மிக இழிந்ததாக இருந்தாலொழிய என்று இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களிடமிருந்து ஓர் அறிவிப்பு. இழிந்ததற்கு எடுத்துக்காட்டாக அங்கே குறிப்பிடப்படுவோர் இரத்தம் குத்தி எடுப்பவர், நெசவாளர், தோல் பதனிடுபவர்.

நெசவாளர்! மேலப்பாளையத்தில் உட்கார்ந்து இந்தப் பாடத்தை நடத்துகிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்ட ஊர் இது. பாவு நீட்டிய தெருக்களில் விளையாடி வளர்ந்தவர்களின் பிள்ளைகளே ஓத வந்திருக்கிறார்கள். கைலி நெய்து ஈட்டிய காசில்தான் பள்ளிவாசல்கள் எழும்பின. பிறகு பீடி சுற்றிய பெண்களின் விரல்கள் இவ்வூரைத் தாங்கின. இவ்வரியை ஓதும்போது மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அது நல்லதொரு பாடமும் ஆகிவிடுகிறது. இமாம்கள் தம் காலத்துச் சமுதாய வழக்கை, பெண்ணுக்கும் அவள் குடும்பத்துக்கும் இழிவு நேராதிருக்கக் கருதி, ஒரு பாதுகாப்பாக எழுதினார்கள். வழக்கு மாறினால் அதன் அளவும் மாறும் என்பதை அந்த நூல்களின் உரைகளே சொல்லும். பெண்ணும் பொறுப்பாளரும் மனமிசைந்தால் அந்த உரிமை விலகிவிடும். விட்டுவிடக்கூடிய உரிமை என்று வைக்கப்பட்டதை, விடக்கூடாத கடமையாக்கியது யார்? தங்களைப் பற்றி அதே பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமல், அடுத்தவனை விலக்குவதற்கு மட்டும் அந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களே.

பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய வழி ‘ஸஹீஹ் முஸ்லி’மில் இருக்கிறது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) குறைஷிக் குலப் பெண்மணி. அவர்களை மணக்க முஆவியாவும் அபூஜஹ்மும் கேட்டிருந்தார்கள். அண்ணலாரோ, விடுதலை பெற்ற அடிமையான ஜைதின் மகன் உஸாமாவை மணந்துகொள்ளச் சொன்னார்கள். அப்பெண்மணிக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை அவர்களே பின்னாளில் ஒளிக்காமல் அறிவிக்கிறார்கள். மீண்டும் சொல்லப்பட்டது, மணந்தார்கள், பிறர் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு அம்மணத்தில் நன்மை விளைந்தது என்றும் சொல்கிறார்கள். கடினமான சொல்லை ஒரு முஃமின் எதிர்கொள்ளும் முறைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நாம் அறியோம். உள்ளம் முதலில் மறுத்தது. அந்த மறுப்பை நியாயப்படுத்த எந்த ஆதாரத்தையும் அவர்கள் தேடிப் போகவில்லை.

கைக்கூலியைப் பற்றியும் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. மஹரைப் பெண்ணுக்கு ஆண் கொடுக்க வேண்டும் என்பது ‘நிஸா’ அத்தியாயத்தின் நான்காம் வசனத்துக் கட்டளை. அதை நாம் மறுப்பதே இல்லை. மஹர் இல்லாமல் ஒரு நிகாஹ்வும் நடப்பதில்லை. சபையில் உரத்த குரலில் மஹரைச் சொல்கிறோம், தஃப்தரில் எழுதுகிறோம், சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். அதே மணத்துக்கு, அதைப்போல் பன்மடங்கு தொகையைப் பெண்ணின் தகப்பனாரிடமிருந்து முன்கூட்டியே வாங்கிவிடுகிறோம். கட்டளையின் வடிவம் சிதையவில்லை, திசைதான் தலைகீழாகிவிட்டது. வாங்குகிறவரைக் கேட்டால் அன்பளிப்பு என்பார். அவர்கள் மனமுவந்து தருகிறார்கள் என்பார். சற்றே ஓதியவராயின் ‘ஹதியா’ என்று அரபியிலும் சொல்வார். வடக்கன்குளத்தார் நெடுங்கால வழக்கம் என்றார்கள்; இவர் ஊர் வழக்கம் என்கிறார். 1961-இல் நாட்டுச் சட்டமும் வரதட்சணையைத் தடுத்தது. அல்லாஹ்வின் சட்டத்துக்கு ஒதுங்கிக்கொள்ள இடம் கண்டவருக்கு அரசின் சட்டம் எம்மாத்திரம்?

அப்படியானால் மார்க்கத்தை எடுத்துரைக்கும் பொறுப்பில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது என்ன? சுவரைக் கட்ட அனுமதித்த குருமார்களுக்கும் இடித்த கௌசானலுக்கும் இடையே நாம் யார் பக்கம்? விட்டுக்கொடுத்தலே கூடாது என்று சொல்ல நமக்கு வழியில்லை. ஏனெனில் நபிவழியில் அது உண்டு. ஹிஜ்ரி 9-இல் தாயிஃப் நகரத்துத் ஸகீஃப் குலத்தாரின் தூதுக்குழு மதீனாவுக்கு வந்தது. இஸ்லாத்தில் சேர நிபந்தனைகள் வைத்தார்கள். தங்கள் லாத் சிலையை மூன்றாண்டு விட்டுவைக்க வேண்டினார்கள். பிறகு இரண்டு, ஒன்று என்று இறங்கி ஒரு மாதமேனும் என்று கெஞ்சினார்கள். பெருமானார் (ஸல்) இசையவில்லை. தங்கள் கையால் அதை உடைக்கமாட்டோம் என்றார்கள். அதற்கு மட்டும் இசைந்து, உடைக்க வேறு இருவரை அனுப்பினார்கள். தொழுகையிலிருந்து விலக்குக் கேட்டார்கள். தொழுகை இல்லாத மார்க்கத்தில் நன்மை இல்லை என்ற கருத்தில் மறுக்கப்பட்டது. ஸதகா தரமாட்டோம், போருக்கு வரமாட்டோம் என்றும் சொன்னார்கள். அபூதாவூதின் அறிவிப்புப்படி அதை ஏற்றுக்கொண்டு, அவர்கள் உண்மையில் இஸ்லாத்துக்குள் வந்துவிட்டால் தாமாகவே ஸதகாவும் தருவார்கள், போரிடவும் செய்வார்கள் என்று தோழர்களிடம் கூறினார்கள்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் நமக்கு வேண்டிய அளவுகோல் முழுவதும் இருக்கிறது. மனம் பக்குவப்படும்வரை பொறுத்திருக்கக்கூடியது ஒன்று. ஒரு நாளும் பொறுக்கக்கூடாதது ஒன்று. பொறுத்தபோதும், என்றேனும் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தோடு பொறுத்தார்கள். ஸகீஃப் குலத்தாருக்கு ஸதகாவிலிருந்து விலக்கு என்று கல்லில் வெட்டி வைக்கவில்லை. 1872-இல் வடக்கன்குளத்தில் நடந்த பிழை, பலவீனருக்கு இடம் கொடுத்தது அன்று. அந்த இடத்தை ஆலயத்தின் அஸ்திவாரத்திலேயே வைத்துக் கட்டியது. பலவீனம் அன்றிலிருந்து உரிமையாகிவிட்டது. நாற்பது ஆண்டு கழித்து இடிக்க வந்தவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

நம்மிடத்திலும் கைக்கூலி இவ்வாறே அஸ்திவாரத்துக்குள் போய்விட்டது. கைக்கூலி வாங்கிய நிகாஹ் செல்லுமா என்று கேட்டு வருகிறார்கள். செல்லும் என்றே ஃபிக்ஹு கூறும். அவ்வாறே பதிலும் சொல்லப்படுகிறது. ‘செல்லும்’ என்ற சொல்லைச் ‘சரி’ என்று காதில் வாங்கிக்கொண்டு கேட்டவர் போய்விடுகிறார். நிகாஹ் செல்லும், வாங்கிய தொகை செல்லாது; அது லஞ்சத்துக்கு ஒப்பானது என்று உலமாக்கள் பலர் தீர்ப்பளித்திருக்கிறார்கள்; அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவத்தில் பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா நிறைவேறுவதில்லை. இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்லும் கடமை குத்பா ஓத அமர்ந்திருப்பவருடையது. மணமகனைக் காஃபிர் என்றோ முனாஃபிக் என்றோ அவர் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. தொகையைத் திருப்பிக் கொடு என்று சொன்னால் போதும்.

கைக்கூலித் திருமணத்துக்குத் தஃப்தர் தருவதில்லை என்று தீர்மானம் எழுதிக்கொண்ட ஜமாஅத்துகள் தமிழகத்தில் சில உண்டு. அவற்றுள்ளும் தீர்மானத்தைத் தீர்மானப் புத்தகத்தோடு விட்டுவிட்டவை இருக்கின்றன. அவ்வளவு தொலைவு போக இயலாத ஜமாஅத்து, இந்த அளவேனும் செய்யலாம். மஹர்த் தொகையைச் சபையில் அறிவிக்கும் முன், பெண் வீட்டாரிடமிருந்து பெற்றது ஏதேனும் உண்டா என்று மணமகனிடம் அதே உரத்த குரலில் கேட்டு, அவர் சொல்லும் விடையை மஹருக்குப் பக்கத்திலேயே தஃப்தரில் எழுதிக்கொள்ளலாம்.